உள்ளுணர்வுவாத தர்க்கம்: ஆராய்ச்சிக்கு வருபவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளுணர்வுவாதம் என்றதும் மனசுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால், கணிதத்தில் உள்ளுணர்வுவாதிகளைவிடக் கறாரானவர்கள் கிடையாது. ‘உண்டு’ என்றால் எடுத்துக் காட்டு, ‘இது அல்லது அது’ என்றால் எது என்று சொல். ஹெய்ட்டிங் 1930-இல் விதிகளாக எழுதிவைத்த தர்க்கத்தின் சாரம் இதுதான். கீழே வருகிற தவறுகளில் பாதிக்கும் மேல், இந்தச் சொற்களைப் பழைய அர்த்தத்திலேயே படித்துக்கொண்டு போவதால் வருபவை.

முதல் தவறு, ‘க அல்லது க அல்ல’ என்கிற இடைநிலை விலக்கு விதி பொய் என்று எழுதிவிடுவது. 1908-இல் உள்ளுணர்வுவாதத்தைத் தொடங்கிவைத்த பிரௌவர் சொன்னது அதை நம்பி இறங்க முடியாது என்றுதான். ஏற்காமல் இருப்பது வேறு, மறுப்பது வேறு. சந்தேகமிருந்தால் மறுத்துப் பாருங்கள்: ‘க அல்லது க அல்ல’ பொய் என்று வைத்துக்கொண்டால், க கிடைத்த உடனே முரண்பாடு வரும், ஆகவே ‘க அல்ல’ என்றாகிறது, ஆனால் ‘க அல்ல’ கையில் வந்ததுமே ‘க அல்லது க அல்ல’ வந்துவிட்டதே! ஆக எந்த ஒரு கூற்றுக்கும் இந்த விதியை மறுக்க முடியாது, மறுத்தால் உங்கள் அமைப்பே உடைந்துபோகும். அப்புறம் இதில் ஒரு நுட்பம் உண்டு: ‘எந்த மெய்யெண்ணும் பூஜ்யமாக இருக்கும், இல்லையேல் பூஜ்யம் அல்ல’ என்ற பொதுக்கூற்றைப் பிரௌவரின் தொடர்ச்சிக் கொள்கையை (முடிவிலாத் தொடர்வரிசைக்குச் சொல்லும் விடை அதன் முதல் சில உறுப்புகளிலேயே முடிவாகிவிட வேண்டும் என்பது) வைத்து மறுத்துவிடலாம். தனிக்கூற்றில் நடக்காதது பொதுக்கூற்றில் நடக்கிறது, இதைக் குழப்பிக்கொண்டு எழுதிய கட்டுரைகளைப் படிக்கும்போது தலை சுற்றும்.

அடுத்தது, முரண்பாடு காட்டி நிறுவுவதே கூடாது என்ற பயம். நானும் இதில் விழுந்தவன்தான். √2 விகிதமுறா எண் என்பதற்கான பழைய நிறுவலை ‘சரிசெய்ய’ ஒரு வாரம் மல்லுக்கட்டினேன், அதில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை. விகிதமுறு எண் என்று வைத்து முரண்பாடு வந்தால் ‘விகிதமுறு எண் அல்ல’ என்பது இங்கே ‘அல்ல’ என்ற சொல்லின் வரையறையே. வம்பு வருவது திசை மாறும்போதுதான், அதாவது ‘க அல்ல’ என்று தொடங்கி முரண்பாட்டைக் காட்டி ‘க’ என்று முடிக்கும்போது.

நல்ல எடுத்துக்காட்டு ஒன்று. ஒரு விகிதமுறா எண்ணை இன்னொரு விகிதமுறா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி விகிதமுறு எண் பெற முடியுமா? வழக்கமான பதில்: √2-இன் √2-ஆம் அடுக்கு விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது, இல்லையென்றால் அதையே மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்தினால் 2. அழகுதான், ஆனால் எந்த ஜோடி என்று கடைசிவரை சொல்லவே இல்லை. அதற்குப் பதிலாக √2-ஐ, 2-ஐ அடிமானமாகக் கொண்ட 9-இன் மடக்கை அளவுக்கு அடுக்கேற்றினால் 3 வந்துவிடும். அந்த மடக்கை விகிதமுறு எண்ணாக இருந்தால் 2-இன் அடுக்கு ஒன்றும் 9-இன் அடுக்கு ஒன்றும் சமமாக வேண்டும். ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை, நடக்காது.

உண்மை, பொய், ‘தெரியாது’ என்று மூன்று மதிப்புள்ள தர்க்கம் இது என்று விளக்குவதையும் விட்டுவிடுங்கள். மதிப்புகளின் எண்ணிக்கை முடிவுள்ளது என்றால் எத்தனை வைத்தாலும் ஒத்துவராது என்று கேடல் 1932-லேயே காட்டிவிட்டார். மூன்று மதிப்பு என்றால், நான்கு கூற்றுகளில் ஏதோ இரண்டுக்கு ஒரே மதிப்பு வந்தாக வேண்டும், ஆகவே ‘இவற்றில் ஏதோ இரண்டு சமானம்’ என்பது அட்டவணைப்படி எப்போதும் உண்மை. எந்த இரண்டு என்று கேட்கிற தர்க்கத்திலோ அதற்கு நிறுவல் கிடையாது.

முன்னால் ‘அல்ல என்பது அல்ல’ என்ற இரட்டை மறுப்பைச் சேர்த்தால், இடைநிலை விலக்கு விதியை ஏற்கும் வழக்கமான தர்க்கத்தின், அதாவது செவ்வியல் தர்க்கத்தின், தேற்றம் எல்லாம் வந்துவிடும் என்ற கிளிவென்கோவின் 1929 முடிவு ‘எல்லா’, ‘உண்டு’ போன்ற சொற்கள் இல்லாத கூற்றுத் தர்க்கத்துக்கு மட்டும்தான். ‘எல்லா’ என்ற சொல் நுழைந்துவிட்டால் வெளியே ஒட்டிய இரட்டை மறுப்பு போதாது, கேடல் – கென்ட்சன் மொழிபெயர்ப்பு போல உள்ளே இறங்கித்தான் மாற்ற வேண்டும்.

என்னைக் கேட்டால் மிகப் பெரிய ஆபத்து, ஆக்கமுறைக் கணிதம் (‘உண்டு’ என்றால் கட்டிக் காட்டச் சொல்லும் கணிதம்) எல்லாவற்றையும் ஒரே கட்சியாக நினைத்து மேற்கோள் காட்டுவது. 0 முதல் 1 வரையிலான மூடிய இடைவெளியில் வரையறுத்த எல்லா மெய்ச் சார்புகளும் சீரான தொடர்ச்சி (இடைவெளி முழுவதற்கும் ஒரே அளவுகோல் போதுமான தொடர்ச்சி) உடையவை என்பது பிரௌவரின் தேற்றம். மார்க்கோவின் ரஷ்யப் பள்ளியிலோ அதே இடைவெளியில் தொடர்ச்சியாக இருந்தும் சீரான தொடர்ச்சி இல்லாத சார்பு ஒன்றைக் கட்டிக் காட்டலாம். இரண்டையும் ஒரே நிறுவலில் சேர்த்தால் கதை முடிந்தது. 1967-இல் பிஷப் எழுதிய பகுப்பாய்வு நூல் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சாயாதது, அதன் தேற்றங்கள் செவ்வியல் கணிதத்திலும் அப்படியே செல்லும். எந்தப் பள்ளியில் நின்று எழுதுகிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வெற்றல்லாத கணங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிற தேர்வு அடிகோளிலும் கவனம் வேண்டும்: கணக் கோட்பாட்டில் அதைச் சேர்த்தால் இடைநிலை விலக்கு விதியே பின்வாசல் வழியாக வந்துவிடும், 1975-இல் டயகோனெஸ்கு காட்டியது.

கடைசியாக, ‘லீனில் (நிறுவல்களைச் சரிபார்க்கும் கணினி மென்பொருள்) எழுதினேன், ஆகவே ஆக்கமுறை நிறுவல்’ என்ற நம்பிக்கை. அதன் அடித்தளமான வகைக் கோட்பாடு ஆக்கமுறையானதுதான், ஆனால் லீனின் பெரிய கணித நூலகம் செவ்வியல் தர்க்கத்தைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறது. தேற்றத்தை முடித்ததும், அது எந்த அடிகோள்களை நம்பியிருக்கிறது என்று பட்டியலிடும் ‘பிரின்ட் ஆக்சியம்ஸ்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் ‘கிளாசிக்கல் சாய்ஸ்’ (லீனின் தேர்வு அடிகோள்) இருந்தால், எந்தத் துணைத்தேற்றம் அதை இழுத்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய்த் தேட வேண்டியதுதான். பல சமயம் அது நீங்கள் கையால் எழுதிய வரியாக இருக்காது, வேலை சுலபமாகட்டும் என்று கூப்பிட்ட தானியங்கிக் கட்டளையாக இருக்கும்.