உடன் பிரதிவாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் நஞ்சை நிலத்துக்குப் பாகப்பிரிவினை வழக்கு என்றால், தங்கை வாதியாக இருக்க, அண்ணன் தம்பிகள் அனைவரும் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்படுவது சாதாரணம். ஆனால், "அப்பா எனக்கே உயில் எழுதிவைத்தார்" என்று முதல் பிரதிவாதி சொல்லும்போது, தன் பங்கை எதிர்பார்க்கும் மூன்றாம் பிரதிவாதிக்கு எதிரி வாதியல்ல, அந்த அண்ணன்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 142ஆம் பிரிவு, முன்பிருந்த 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 137ஆம் பிரிவைப் போலவே, குறுக்கு விசாரணையை 'எதிர்த்தரப்பு' செய்வதாகவே கூறுகிறது. ஆகவே நலன் முரண்படும் உடன் பிரதிவாதிக்கும் அந்த உரிமை உண்டு; நலன் ஒன்றாக இருப்பவருக்குக் கிடையாது.

அந்த மூன்றாம் பிரதிவாதி நீங்கள் என்றால், அந்த முரண் உங்கள் எதிருரையிலேயே, அதாவது வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலிலேயே, தெரிய வேண்டும். செலவு மிச்சம் என்று எண்ணி, "முதல் பிரதிவாதியின் எதிருரையை ஏற்றுக்கொள்கிறேன்" என்று மெமோ கொடுத்துவிட்டால், பிறகு அவருடைய சாட்சியைக் கேள்வி கேட்கும் தகுதியை நீங்களே இழக்கிறீர்கள். இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். உயிலை மறுத்துத் தனி எதிருரை தாக்கல் செய்து, அதன் நகலை முதல் பிரதிவாதிக்கும் கொடுங்கள்.

வாதியின் சாட்சியை, வாதியை ஆதரிக்கும் பிரதிவாதிகள் முதலிலும் எதிர்ப்பவர்கள் பின்னரும் விசாரிப்பதே முறை. பிரதிவாதியின் சாட்சியானால், முரண்படும் உடன் பிரதிவாதி பொதுவாக வாதிக்கு முன்பே விசாரிக்க வேண்டும். நிரூபண வாக்குமூலம் (சாட்சியின் முதல் விசாரணைக்குப் பதிலாக எழுத்தில் தரப்படும் பிரமாணப் பத்திரம்) தாக்கலான அன்றே உங்கள் வழக்கறிஞர் எழுந்து இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. வாய்ப்புத் தவறினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18, விதி 17இன் கீழ் சாட்சியைத் திரும்ப அழைக்க மனுச் செய்யலாம். ஆனால் விட்ட ஓட்டையை அடைப்பதற்கு அந்த விதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டவர் கூண்டேறும்போது, அப்பா எந்த இடத்தில் அமர்ந்து கையெழுத்திட்டார், அதை இவர் கண்ணால் பார்த்தாரா, அப்போது உடனிருந்தவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நிலம் முழுவதும் தன் அனுபோகத்தில் இருந்ததாக முதல் பிரதிவாதி சொன்னால், பசலி 1430க்கான (2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு) அடங்கலை, அதாவது கிராமச் சாகுபடிப் பதிவேட்டைக் காட்டி, சாகுபடிதாரராக யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியில் உங்கள் தரப்பை நேராக அவர் முன் வையுங்கள். "உயில் பின்னால் உருவாக்கப்பட்டது என்றால் சரியல்ல" என்று அவர் மறுப்பு பதிவானாலும், கேட்காமல் விட்டதால் ஒப்புக்கொண்டதாகிறது என்ற வாதத்துக்கு அதன்பின் இடமிருக்காது. சாட்சி கையெழுத்திடும் முன், பதிவான வாசகத்தை உங்கள் வழக்கறிஞர் ஒருமுறை படித்துப் பார்த்துவிடட்டும்.