சாம்பல் ரின்ற் ரோஸ் அடிச்சா

கிளிநொச்சியில நான் வேலை செய்யிற அச்சகத்துக்கு ஒரு கோயில் மலர்ப் புத்தகம் அச்சடிக்க வந்தது, பக்கத்துக்குப் பின்னால மெல்லிய சாம்பல், ஸ்கிரீனில நல்ல வடிவு, ஆனா ஓப்செற் அச்சு மெசினில ஓட்ட ஒரு பக்கம் ரோஸ் மற்றப் பக்கம் பச்சை. என்னெண்டா அந்தச் சாம்பல சியான் (பச்சை சாய்ஞ்ச நீலம்), மஜெந்தா (ரோஸ் சாய்ஞ்ச சிவப்பு), மஞ்சள் எண்ட மூண்டு மையையும் கலந்து செய்திருக்கினம். மெல்லிய நிறத்தைச் சின்னச் சின்ன மைப் புள்ளியாத்தான் அடிக்கிறது, தாளில அந்தப் புள்ளி ஊறிப் பெருக்கும், பளபளப்பில்லாத தாளில 50% புள்ளி 70%க்கு மேலயும் போகும், மூண்டில ஒண்டு கொஞ்சம் கூடினாலே நிறம் சாய்ஞ்சிடும். மூண்டையும் 0 ஆக்கி கறுப்பு மட்டும் 20% விட்டு அச்சுப் பிளேற் புதுசா எடுத்தன், கடைசித் தாள் வரைக்கும் ஒரே சாம்பல், பாக்கவே சந்தோசம்! மெல்லிய நீலத்துக்கு இது சரிவராது, அதுக்கு மஜெந்தாவ நல்லாக் குறைச்சு வையுங்கோ, இல்லாட்டி ஊதாவாப் போயிடும்.