உப்பளவு தப்பாகக் காட்டினால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள்

வீட்டில் பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சுமார் 1.026 இருந்தால் சரி. அதைச் சரியாக அளப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம்.

ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள், உப்பு சரியாக 35 பங்கு உள்ள, கருவியைச் சரிபார்ப்பதற்கான திரவத்தை விட்டுப் பார்த்தால் 38 காட்டுகிறது! கருவி கூட்டிக் காட்டியதால் அத்தனை நாளும் தொட்டியில் உப்பு குறைவாகவே இருந்திருக்கிறது. அதனால் அந்தத் திரவத்தை வைத்தே கருவியின் திருகாணியைச் சரிசெய்யுங்கள். கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பார்த்ததும் நன்னீரால் துடைத்துவிடுங்கள், உப்பு படிந்தால் அடுத்த அளவு கெடும். நீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும், முள் ஆடும் ஹைட்ரோமீட்டர் என்றால் முள்ளில் ஒட்டிய குமிழிகளைத் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் உப்பு அதிகம் என்று பொய் சொல்லும்.

தண்ணீர் ஆவியானால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே மட்டம் குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டு வைத்தால் ஊகம் தேவையில்லை. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பை அடிக்கடி நிரம்புகிறதா? அதில் உப்பும் சேர்ந்தே வெளியேறும்.

உப்பு குறைந்திருந்தால் அவசரப்பட்டுத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டாம். சில நாட்களுக்கு நன்னீருக்குப் பதில் கரைத்து வைத்த உப்புநீரால் மட்டத்தை நிரப்புங்கள், மெல்ல ஏறும்.