சான்ஷிங்துய்யைப் பார்த்ததும் வேற்றுக்கிரகம் என்று ஓடாதீர்கள்: பண்டைய சீனாவைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய சீனா என்றாலே மஞ்சள் ஆற்றங்கரை, அங்கே சியா, ஷாங், சோ என வரிசையாக மூன்று வம்சம், நாகரிகம் அங்கிருந்துதான் நாலாபக்கமும் பரவியது என்று ஆரம்பிப்பதுதான் பெரிய தவறு. அந்த வரிசையைக் கோத்து எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான் கி.மு. 100 வாக்கில் வாழ்ந்தவர், அதாவது எல்லாம் ஒரே பேரரசான பிறகு. அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய ஹாங்சோ பக்கம், லியாங்சூ மக்கள் நெல் விளைவித்து, அணை கட்டி, ஜேட் கல்லில் மயிரிழை போன்ற கோடுகளைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, மஞ்சள் ஆறு மட்டும் இல்லை என்று தெரிந்ததும் பலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். தென்மேற்குச் சீனாவின் சிச்சுவானில் உள்ள சான்ஷிங்துய் என்ற தொல்லியல் களத்தில் 1986-ல் இரண்டு குழிகளிலிருந்து பிதுங்கிய கண்களோடு வெண்கல முகங்களும் 2.62 மீட்டர் உயரச் சிலையும் வந்ததிலிருந்து, 'இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள்', 'வேற்றுக்கிரகவாசிகள்' என்ற பேச்சு ஓயவே இல்லை. முகத்தை விட்டுவிட்டு அதே குழியில் கிடந்த 'சுன்' என்ற வாயகன்ற வெண்கலப் பாத்திரத்தைப் பாருங்கள். அந்த வடிவம் ஷாங் உலகத்துடையது, யாங்சே ஆற்றின் நடுப்பகுதி வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். களிமண் அச்சுகளைத் துண்டுதுண்டாகச் சேர்த்து வார்க்கும் முறையும் ஷாங் உலகத்தில் உள்ளதுதான். ஆனால் ஷாங் தலைநகரான ஆன்யாங்கில் முன்னோருக்கு மது படைக்க வைத்த இந்த வகைப் பாத்திரத்தில் சான்ஷிங்துய் மக்கள் சோழியும் ஜேட்டும் போட்டு வைத்தார்கள், அதைத் தலையில் தாங்கி நிற்கும் உருவத்தையும் வார்த்தார்கள். தொழில்நுட்பம் பொது, சடங்கு சொந்தம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஊர் புரியாது.

தொடர்ச்சி என்றால் ஒரே இடத்தில், ஒரே மக்களிடம், மாறாமல் இருந்தது என்று நினைப்பதும் சரியில்லை. சிச்சுவானின் செங்டு நகரில் உள்ள ஜின்ஷாவில் கிடைத்த ஒரு ஜேட் 'சுங்' (வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை கொண்ட சடங்குப் பொருள்) லியாங்சூ பாணியில் செய்தது, புதைக்கப்பட்டபோதே ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. எத்தனை கை மாறி அவ்வளவு தூரம் வந்ததோ!

அப்புறம், மஞ்சள் ஆற்றுப் பகுதியில் தோண்டியெடுத்த எர்லிதோ என்ற பழைய நகரைக் கண்ணை மூடிக்கொண்டு சியா தலைநகர் என்று எழுதாதீர்கள். ஷாங் அரசர்களின் பெயர்கள் ஆன்யாங்கின் குறி எலும்புகளில் (குறி கேட்டு எழுத்துப் பொறித்த எலும்புகளில்) இருக்கின்றன. எர்லிதோவில் அப்படி எந்த எழுத்தும் இல்லை.

வரைபடத்திலும் கவனம் வேண்டும். பின்னாளில் சீனாவை ஒன்றாக்கிய சின் அரசு சிச்சுவானைப் பிடித்தது கி.மு. 316-ல்தான். சான்ஷிங்துய் அதற்கு எண்ணூறு ஆண்டுகள் முந்தையது, அதை யாருடைய மேற்கு மாகாணம் என்றும் எழுத முடியாது.