ஆச்சி தானாகக் கூப்பிடப் பழகட்டும்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் சில வீடுகளில் வயதானவர்கள் தனியாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் கனடா, லண்டன், சுவிஸ். அவர்கள் அனுப்பிய நல்ல போன் வீட்டில் இருக்கிறது, ஆனால் மணி அடித்தால் எடுக்க மட்டுமே தெரியும். மற்ற நேரமெல்லாம் காத்திருப்புத்தான். அதனால் நான் யாருக்குப் பழக்கினாலும், கூப்பிடத்தான் முதலில் பழக்குவேன்.

முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். தேவையில்லாத செயலிப் படங்களைப் போன் முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அன்ட்ராய்ட் போன் என்றால், வாட்ஸ்அப்பில் மகனின் உரையாடலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, குறுக்குவழியைச் சேர்க்கலாம். மகனின் முகம் முகப்பிலேயே வந்து நிற்கும், பெயரைத் தேடி வாசிக்கத் தேவையில்லை.

அடுத்ததைப் பலர் கவனிப்பதில்லை. வயதானவர்கள் விரலை வைத்தால் சட்டென்று எடுக்கமாட்டார்கள். போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும்; படம் இடம் மாறும், சிலவேளை காணாமலே போகும். "நான் ஏதோ பழுதாக்கிப்போட்டன் பிள்ளை" என்று பயந்தால் பிறகு தொடவே மாட்டார்கள். செற்றிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். பழக்கும்போது போனை வாங்கி நீங்கள் செய்து காட்ட வேண்டாம். எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஆச்சியின் விரலே தொடட்டும்.

நேரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இங்கே காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.30, குளிர்காலத்தில் 8.30. பேரப்பிள்ளை படுக்கமுன் கதைக்கலாம். மற்ற நேரங்களுக்குக் குரல்பதிவு இருக்கிறது. புளிக்கஞ்சி வைக்கும் முறையை ஆச்சி சொல்லி அனுப்பினால் மகள் வேலை முடிந்து வந்து கேட்பாள், திருப்பிச் சந்தேகமும் கேட்பாள். தன்னிடம் கேட்க இன்னும் ஆள் இருக்கிறது என்பது, வெறும் "சாப்பிட்டீங்களா?" என்ற விசாரிப்பைவிடப் பெரிய ஆறுதல்.

பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் அழைப்புகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களை அமைதியாக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். போனுக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, மகன் பெயரில் கேட்டாலும்.

வெளிநாட்டோடு மட்டும் நிறுத்தாதீர்கள். அதே ஒழுங்கையில் முழங்கால் நோவால் வெளியே வராத இன்னொரு ஆச்சி இருப்பார். அப்படியானவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் யூரியூப்பில் நேரலை பார்த்துக்கொண்டே ஆளுக்காள் கதைக்கலாம். தினமும் காலையில் ஒவ்வொருவரும் ஒரு குரல்பதிவு போடட்டும். ஒருவருடையது வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது நேரே போய்ப் பார்க்கவேண்டும். 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணையும் முகப்பில் வைத்துவிடுங்கள்.