இலவச மார்பகப் பரிசோதனை: காப்பீடு இல்லாத பெண்களும் அவர்களுக்கு உதவுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாத பெண்களை இலவச மார்பகப் பரிசோதனைக்கு அனுப்பி வைக்கும் தன்னார்வப் பணிக்கு ஆண்டுதோறும் புதியவர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களில் பலர் என்னைப் போலவே மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள். தாம் பட்ட அலைச்சல் இன்னொருத்திக்கு வேண்டாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள். ஆனால், தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது, எழுதி வைத்துவிடுவதே மேல் என்று தோன்றியது. மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும் நாளில் டியோடரண்ட் பூசக் கூடாது, அடையாள அட்டையை மறக்கக் கூடாது என்பவற்றையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. மையத்தில் கொடுக்கும் துண்டறிக்கையிலேயே அவை இருக்கின்றன.

## "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று தாமே தீர்ப்பு எழுதுவது

1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவாகி, சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியில் நடைபெறும் தேசிய மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் பெயர்தான் வேறு. கலிஃபோர்னியாவில் அது 'எவ்ரி உமன் கவுண்ட்ஸ்', நியூயார்க்கில் 'கேன்சர் சர்வீசஸ் புரோகிராம்', நியூ ஜெர்சியில் 'என்ஜேசீட்'. மார்பகப் பரிசோதனைக்கான வயது பொதுவாக 40 முதல் 64 வரை. அறிகுறி உள்ள இளம் பெண்களையும் சில மாநிலங்கள் சேர்த்துக்கொள்கின்றன. காப்பீடு அறவே இல்லாதவர்களுக்கு மட்டுமல்லாமல், பரிசோதனைச் செலவை ஏற்காத காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு.

வருமான வரம்பைப் பற்றித்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. ஃபெடரல் அரசின் வறுமைக்கோட்டைப் போல இரண்டரை மடங்கு வரை வருமானம் இருக்கலாம் என்பது திட்டத்தின் மேல்வரம்பு. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 80,375 டாலர். சில மாநிலங்கள் இரண்டு மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. அப்படிப் பார்த்தாலும் 64,300 டாலர். வேலை போய், அதோடு காப்பீடும் போய், கணவரின் சிறு கடை வருமானத்தில் ஓடும் குடும்பங்கள் பல இந்த வரம்புக்குள் வந்துவிடும். மனம் கூசி விண்ணப்பிக்காமல் இருப்பவர்களிடம் நான் அறிவுரை சொல்வதில்லை; இந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுகிறேன்.

## கட்டி இருப்பதைச் சொல்லாமல் வழக்கமான பரிசோதனைக்குப் பெயர் கொடுப்பது

மேமோகிராமில் இரண்டு வகை உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு எடுப்பது ஸ்கிரீனிங் மேமோகிராம். பொதுவாக ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரண்டு கோணங்களில் படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கதிரியல் மருத்துவர் பின்னர்தான் அவற்றைப் பார்ப்பார். கட்டி, காம்பிலிருந்து கசிவு, தோலில் குழிவு என ஏதேனும் இருந்தால் எடுக்க வேண்டியது டயக்னாஸ்டிக் மேமோகிராம். அதில் சந்தேகமான இடத்தைத் தனியே அழுத்திப் படம் எடுப்பார்கள், வேண்டுமென்றால் அன்றைக்கே அல்ட்ராசவுண்டும் செய்வார்கள். பதிவு செய்யும் தொலைபேசி அழைப்பில் "ஏதாவது தொந்தரவு உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொன்னால், அந்தப் பெண் ஸ்கிரீனிங் வரிசையில் சேர்க்கப்பட்டு, மருத்துவர் எங்கே பார்க்க வேண்டும் என்ற குறிப்பே இல்லாத படத்தோடு திரும்பி வருகிறார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கடிதமும் வந்துவிடும். கட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

## வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது

வேண்டாம். மேலே சொன்ன "இல்லை" பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. அலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டு, பதினான்கு வயது மகள் "அம்மா, நிப்பிள்ல ஏதாவது வடியுதான்னு கேக்கறாங்க" என்று சுவரைப் பார்த்துக் கேட்க, அம்மா "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடு" என்று அடுப்படிக்குப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். ஃபெடரல் அரசின் நிதியைப் பெறும் மருத்துவ அமைப்புகள், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டியவை. "தமிழ் இன்டர்பிரிட்டர் வேண்டும்" என்று பதிவின்போதே கேட்க வேண்டும்.

## கைக்காசு கொடுத்து, திட்டத்துக்கு வெளியே பயாப்சி வரை முடித்துவிடுவது

இந்தப் பட்டியலில் என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் மிகுந்த நல்லெண்ணம் கொண்டவர்கள் என்பதால், அந்த எரிச்சலை வெளியே காட்டவும் முடிவதில்லை.

நடப்பது இப்படித்தான். காப்பீடு இல்லாத ஒரு பெண்ணுக்குக் கட்டி தட்டுப்படுகிறது. இலவசத் திட்டத்தைத் தொடர்பு கொண்டால் மூன்று வாரம் கழித்து நாள் தருகிறார்கள். அதுவரை காத்திருப்பதா என்று பதறிய நண்பர் வட்டம், வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டி, தனியார் ஸ்கேன் மையம் ஒன்றில் அந்த வாரமே மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும், அடுத்த வாரம் கட்டியின் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும் செய்து முடித்துவிடுகிறது. புற்றுநோய் உறுதியாகிறது. அதன் பிறகுதான், அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு என வரிசையாக வரப்போகும் செலவுக்கு வாட்ஸ்அப் குழு போதாது என்பது எல்லோருக்கும் உறைக்கிறது.

இங்கே ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலவசத் திட்டத்தின் பணம் பரிசோதனையோடும், அதைத் தொடர்ந்து நோயைக் கண்டறியும் சோதனைகளோடும் நின்றுவிடும். சிகிச்சைக்கு அதில் ஒரு டாலரும் கிடையாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2000ஆம் ஆண்டில், திட்டத்தின் கீழ்ப் பரிசோதிக்கப்பட்டுச் சிகிச்சை தேவைப்படும் 65 வயதுக்கு உட்பட்ட காப்பீடற்ற பெண்களுக்கு, குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் வழங்க மாநிலங்களுக்கு அனுமதி தரும் சட்டம் வந்தது. எல்லா மாநிலங்களும் அதை ஏற்றுக்கொண்டன. ஆனால், "திட்டத்தின் கீழ்ப் பரிசோதிக்கப்பட்டவர்" என்பவர் யார் என்று முடிவு செய்யும் உரிமை மாநிலங்களிடம் விடப்பட்டிருக்கிறது. பரிசோதனைச் செலவில் ஒரு பகுதியாவது திட்டத்தின் பணத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்பது மிகக் கண்டிப்பான வரையறை. திட்டத்தோடு ஒப்பந்தமுள்ள இடத்தில் பார்த்திருந்தால் போதும், பணம் வேறு வழியில் வந்திருந்தாலும் பரவாயில்லை என்பது நடுவாந்தரம். திட்டம் ஏற்கும் எந்த மருத்துவரிடம் பார்த்திருந்தாலும் சரி என்பது மூன்றாவது. கண்டிப்பான மாநிலத்தில் வசிக்கும் பெண்ணுக்கு நண்பர்கள் திரட்டிக் கொடுத்த அந்தப் பணம், சிகிச்சைக்கான கதவைச் சாத்திவிடக் கூடும்.

நான் உடன் சென்ற ஒரு குடும்பத்தில் அதுதான் நடந்தது. நோயியல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்றுதான் செவிலியர் முதலில் கேட்பார் என எதிர்பார்த்தோம், அவரோ அறிக்கையின் மேல் மூலையில் இருந்த மையத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பயாப்சிக்குப் பணம் கட்டியது யார்?" என்று கேட்டார். "நாங்கள்தான்" என்று தோழி ஒருவர் பெருமையோடு சொன்னார். அந்த மையத்துக்கும் திட்டத்துக்கும் ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. அதன் பிறகு மருத்துவமனை ஒன்றின் நிதியுதவிக்கு விண்ணப்பித்து, வருமான வரிப் படிவம், வங்கிக் கணக்கு விவரம், வீட்டு வாடகை ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, கேட்டதையே மறுபடியும் கேட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் எழுதி, அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்குவதற்குள், முதலில் மிச்சப்படுத்திய மூன்று வாரத்தைப் போலப் பல மடங்கு காலம் போய்விட்டது. பணம் வாங்கிய மையத்தில் ஒருவராவது "திட்டத்தில் பதிந்துவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கும் கடமை அவர்களுக்குச் சட்டப்படி இல்லாமலிருக்கலாம். என் எரிச்சலுக்கு அந்த நியாயம் புரிவதில்லை.

ஆகவே, முதல் அழைப்பு திட்டத்துக்குத்தான் போக வேண்டும். கட்டி தட்டுப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொன்னால், பல நேரங்களில் இன்னும் முன்னதான தேதியைத் தருகிறார்கள். வேறொருவர் வராமல் போன இடத்தையும் கேட்டுப் பெறலாம். பதிவுப் படிவத்தில் கையெழுத்தான தேதி பரிசோதனைத் தேதிக்கு முந்தியதாக இருக்கிறதா, அனுப்பப்படும் மையம் திட்டத்தின் ஒப்பந்தத்தில் உள்ளதா, மேல்சோதனை தேவைப்பட்டால் அதற்கும் பணம் உண்டா, நோய் உறுதியானால் மெடிகெய்ட் விண்ணப்பத்தை யார் நிரப்புவார் என்பவற்றை அப்போதே கேட்டு, பதில் சொன்னவரின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். வெளியே மேமோகிராம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதென்றால், பயாப்சிக்குப் போகுமுன் அந்த அறிக்கையோடு திட்டத்தை அணுகுங்கள். பயாப்சியும் முடிந்துவிட்டாலும் கேட்காமல் விடாதீர்கள். டெக்சஸில், வேறிடத்தில் நோய் கண்டறியப்பட்ட பெண்களும் திட்ட மருத்துவமனை வழியாகவே சிகிச்சைக்கான மெடிகெய்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்பகம் சில நாள்களிலேயே சிவந்து, வீங்கி, தோல் ஆரஞ்சுப் பழத்தின் தோல்போல் மாறினால் எந்தத் திட்டத்தின் நாளுக்காகவும் காத்திருக்கக் கூடாது; உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்தது குடிவரவு நிலை. பரிசோதனைக்குப் பல மாநிலங்கள் அதைக் கேட்பதில்லை. சிகிச்சைக்கான மெடிகெய்ட் கேட்கும். கிரீன் கார்டு பெற்றவர்கள்கூடப் பெரும்பாலும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த அம்மாவைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களிடம், நோய் என்று தெரிந்தால் சிகிச்சையை எங்கே செய்வீர்கள் என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள் என்றே சொல்கிறேன்.

## மறுபடி அழைத்தால் போகாமல் இருப்பது

ஸ்கிரீனிங் மேமோகிராம் எடுத்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரை மேல்சோதனைக்கு அழைக்கிறார்கள். அப்படி அழைக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அறிக்கையில், கதிரியல் மருத்துவர் படத்துக்குத் தரும் மதிப்பீட்டு எண் 'பைராட்ஸ் 0' என்று இருந்தால் நோய் எதுவும் இல்லை என்று பொருளல்ல, பார்த்து முடிக்கவில்லை என்று பொருள். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாகி, கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தவர்கள் உண்டு.

## பழைய படங்களைக் கொண்டுபோகாதது

ஒப்பிடப் பழைய படம் இல்லையென்றால், மாறாத புள்ளியும் புதியதாகவே தெரியும். முன்பு எடுத்த மையத்திலிருந்து படங்களின் சிடியை வாங்கிச் செல்லுங்கள்.

## சிகிச்சை முடிந்ததும் ஃபைலை மூடிவிடுவது

மீண்டவர்கள் செய்யும் தவறு இது. கடைசிக் கதிர்வீச்சு நாளன்று, சிகிச்சை முடிந்ததன் அடையாளமாக மருத்துவமனையில் மணி அடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு மேமோகிராமுக்கு யாரிடம் போவது என்று கேட்டால் பதில் இருக்காது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் மருத்துவப் புற்றுநோயியலாளர் சங்கமும் 2015இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எஞ்சியிருக்கும் மார்பகத் திசுவுக்கு ஆண்டுக்கொரு மேமோகிராம் வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல் அடிக்கடி முழு உடல் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும் என்று அதில் இல்லை. அச்சத்தில் அதற்குக் கடன் வாங்குபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மாத்திரையை நிறுத்துவது இன்னொன்று. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்தவர்களைத் தாமாக்சிஃபென் அல்லது அரோமட்டேஸ் தடுப்பான்கள் என்னும் ஹார்மோன் மாத்திரைகளை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை எடுக்கச் சொல்வார்கள். மூட்டுவலி, உடல் கொதிப்பு, தூக்கமின்மை ஆகியவை உண்மையான தொல்லைகள்தான். அவற்றைச் சொன்னால் மருந்தை மாற்றித் தர வழியிருக்கிறது, சொல்லாமல் நிறுத்தினால் எந்த வழியும் இல்லை. மாதவிடாய் நின்ற பின் தாமாக்சிஃபென் எடுக்கையில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், அது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சைக்கான மெடிகெய்ட் சிகிச்சை தேவைப்படும் காலம் வரைதான். அதைப் புதுப்பிக்கும் படிவம் தபாலில் வரும். வீடு மாறியதைத் தெரிவிக்காமல் அந்த உறையைத் தவறவிட்டு, மருந்துக் கடையில் நிற்கும்போதுதான் காப்பீடு இல்லையென்று அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஹார்மோன் மாத்திரை சிகிச்சையின் ஒரு பகுதி என்று மருத்துவர் படிவத்தில் வெளிப்படையாக எழுதுவது முக்கியம். "சிகிச்சை முடிந்தது" என்ற ஒற்றை வரி, மாத்திரையையும் முடித்துவிடக் கூடும்.

## 65ஆவது பிறந்தநாளை மறப்பது

சிகிச்சைக்கான மெடிகெய்ட் 65 வயதானதும் நின்றுவிடும். 65 வயதானவர்களுக்கான ஃபெடரல் அரசுக் காப்பீடான மெடிகேருக்கான முதல் பதிவுக் காலம், பிறந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கி மூன்று மாதம் பின்பு முடிகிறது. முன்பகுதியிலேயே பதிந்துவிட்டால் இடையில் காப்பீடற்ற மாதம் எதுவும் வராது.