டிராவல் டிரெய்லர் சஸ்பென்ஷன்: பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு வெண்கல புஷ் போடுவது எப்படி?

சென்ற வசந்தத்தில் எங்கள் 30 அடி டிராவல் டிரெய்லரை (தங்கிக்கொள்ள வசதியுள்ள இழுவை வண்டி) இழுத்துக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். ரியோ கிராண்டே வில்லேஜில் வண்டியை நிறுத்திவிட்டு டயர் காற்றைப் பார்க்கக் குனிந்தேன். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், ஸ்பிரிங்கின் முனையைப் பிடித்து ஆடும் ஷேக்கிள் தகட்டின் துளை வட்டமாக இல்லை; முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. துளைக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே மிஞ்சியிருந்த இரும்பு என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட வராது. அது அறுந்தால் அச்சு இடம் மாறும், ஒரு டயர் இன்னொரு டயரில் போய் உரசும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட இருந்தார்கள். திரும்பி வந்த ஏறக்குறைய 600 மைலும் மணிக்கு 55 மைலுக்கு மேல் மிதிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், ஸ்பிரிங் கண்ணுக்குள் (ஸ்பிரிங்கின் முனையில் போல்ட் போகும் வளையம்) உறை போல இருந்த பிளாஸ்டிக் புஷ் ஒரு பக்கம் காகிதம் போல இருந்தது. இன்னொரு பக்கம் புஷ்ஷே இல்லை. போல்ட் நேராக இரும்பில் தேய்ந்துகொண்டிருந்தது. டிரெய்லருக்கு வயது நான்குதான்.

ஊரில் லாரி வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும். பட்டைக்கு (அந்த ஸ்பிரிங்குக்கு) ஷேக்கிள் பின் இருக்கும், பின்னுக்கு கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கும், சர்வீஸுக்கு விட்டால் கிரீஸ் அடித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். இங்கே பல டிரெய்லர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பிளாஸ்டிக் புஷ், கால் அங்குலத் தகடு, நிப்பிள் இல்லாத போல்ட் என்றுதான் வருகின்றன. டன் கணக்கில் எடை சுமக்கிற இடம் அது. அதனால் முதலில் பட்டையை மாற்றாதீர்கள். பட்டை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்; அதைப் பிடித்திருக்கும் சின்னச் சாமான்கள்தான் முதலில் போகும்.

என்ன வாங்கினேன்

டெக்ஸ்டர் நிறுவனத்தின் ஹெவி டியூட்டி கிட். அரை அங்குலத் தடிப்புள்ள ஷேக்கிள் தகடுகள், வெண்கல புஷ்கள், வெட் போல்ட்கள் எல்லாம் அதிலேயே வரும். வெட் போல்ட் என்றால் நடுவில் துளையிட்ட போல்ட். தலையில் இருக்கும் நிப்பிள் வழியாகக் கிரீஸ் உள்ளே போய், தண்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் துளை வழியாக வெளியே வந்து புஷ்ஷை நனைக்கும். இந்தச் சின்னத் துளையை நினைவில் வையுங்கள்.

நடுவில் இரண்டு பட்டைகளையும் இணைத்து சீசா போல ஆடுகிற ஈக்வலைசருக்கு மோர்ரைடு நிறுவனத்தின் ரப்பர் வைத்த சிஆர்ஈ 3000 போட்டேன். கட்டாயமில்லை. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது உள்ளே அலமாரி திறந்து தட்டுகள் கொட்டுவது அதற்கப்புறம் நின்றுவிட்டது. ஆர்டர் கொடுக்கும் முன், முன் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை அளந்துவிடுங்கள். 33 அங்குலம், 35 அங்குலம் என்று இரண்டு அளவு உண்டு. அளக்காமல் வாங்கினால் பொருந்தாது.

கருவிகளில் நான் விட்டுக்கொடுக்காதது முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். கழற்ற இம்பாக்ட் கன் போதும், முறுக்குவது கையால்தான். 6 டன் ஜாக் ஸ்டாண்டு இரண்டு, பாட்டில் ஜாக்கி ஒன்று, அச்சை அரை அங்குலம் கால் அங்குலம் என ஏற்றி இறக்க ஒரு சக்கர ஜாக்கி.

தூக்குவது

டிரெய்லரை டிரக்கிலிருந்து கழற்றாமல், மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கி சேசிஸுக்கு அடியில், ஹேங்கருக்கு (சேசிஸிலிருந்து பட்டையைப் பிடித்திருக்கும் தாங்கி) பக்கத்தில். அச்சுக் குழாய்க்கு நடுவில் ஒருபோதும் வேண்டாம், வளைந்துவிடும். மூலையில் இருக்கும் ஸ்டெபிலைசர் கால்கள் எடை தூக்கச் செய்தவை அல்ல. சேசிஸ் ஜாக் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

சக்கரம் கழற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும். யூ போல்ட்டுக்கு அடியில் உள்ள தகட்டில் சக்கர ஜாக்கியை முட்டுக்கொடுத்து, அச்சின் எடையை மட்டும் தாங்கச் செய்யுங்கள். மின் பிரேக் ஒயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரிக்காமல் ஒவ்வொரு இணைப்பாகச் செய்தால் அச்சு இடம் மாறாது.

புஷ் மாற்றுவது

பழைய போல்ட்டின் தலையைத் திருப்பாதீர்கள். தலைக்குக் கீழே பல் பல்லாக வெட்டியிருக்கும். அது தகட்டைக் கடித்துக்கொண்டிருக்கும். நட்டை மட்டும் கழற்றி, போல்ட்டைச் சுத்தியலால் பின்னால் தட்டி எடுங்கள். பிளாஸ்டிக் புஷ் வராவிட்டால் ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்தால் சுருண்டு வந்துவிடும்.

வெண்கல புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது, வாய் நசுங்கிவிடும். முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். ஸ்பிரிங் கண்ணின் ஓரத்தில் உள்ள பிசிறை வட்ட அரத்தால் எடுத்துவிட்டு, நீளமான போல்ட், இரண்டு தடித்த வாஷர், ஒரு நட் வைத்து மெல்ல முறுக்கினால் புஷ் நேராக உள்ளே போய் உட்காரும். அதன்பின் வெட் போல்ட் கையாலேயே உள்ளே வழுக்கிப் போக வேண்டும்.

என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்த இடம்

முதல் பக்கத்தை முடித்து, கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினேன். கைப்பிடி கல் மாதிரி நின்றது. இன்னும் அழுத்தினால் கிரீஸ் நிப்பிளின் கழுத்தில் வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை. நிப்பிளை மாற்றினேன், கன்னை மாற்றினேன். அப்புறம் சேசிஸை ஜாக்கியால் கொஞ்சம் தூக்கி, எடை விலகியதும் அழுத்திப் பார்த்தேன், தடையில்லாமல் போனது.

அப்போதுதான் புரிந்தது. டிரெய்லரின் எடை அந்த இடத்தில் மேலும் கீழுமாக விழுகிறது. போல்ட்டின் பக்கத்துளை எடை அமுக்குகிற திசையில் இருந்தால், புஷ் அதை அடைத்துவிடும். துளை கடிகாரத்தின் 3 அல்லது 9 மணித் திசையில், அதாவது பக்கவாட்டில் இருக்க வேண்டும். அங்கே மயிரிழை இடைவெளி இருக்கும், கிரீஸ் அதில் ஓடும்.

போல்ட் உள்ளே போன பிறகு துளை கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஏற்றும் முன்னரே, துளை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் போல்ட் தலையில் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு பக்கவாட்டில் படுத்திருக்கும்படி போல்ட்டை உள்ளே விடுங்கள். பல் கடித்த பிறகு திருப்ப முடியாது. நான் எல்லாவற்றையும் மறுபடி தட்டி எடுத்து, பழைய பல் தடத்திலேயே பொருந்தும்படி கால் சுற்றுத் திருப்பிப் போட்டேன்.

பற்களை உள்ளே இழுக்கக் கிட்டில் வரும் லாக் நட்டைப் பயன்படுத்தாதீர்கள், அதன் பிடி போய்விடும். சாதாரண நட் ஒன்றை வைத்து இழுத்துவிட்டு, கடைசியில் லாக் நட் போடுங்கள். தோள் வைத்த ஷேக்கிள் போல்ட்டுக்கு டெக்ஸ்டர் சொல்வது 30 முதல் 50 அடி-பவுண்டு. முறுக்கிய பிறகும் ஷேக்கிள் ஆட வேண்டும். ஆடாத ஷேக்கிள் பட்டையை ஒடிக்கும்.

வலுவூட்டல்

இடது ஹேங்கரையும் வலது ஹேங்கரையும் குறுக்கே இணைக்கும் இரும்புக் குழாய் கிட் கிடைக்கிறது. நெருக்கமான இடத்தில் திரும்பும்போது ஹேங்கர்கள் பக்கவாட்டில் வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை இந்தக் குறுக்குத் தண்டு நிறுத்துகிறது. போல்ட் போட்டு மாட்டும் வகையை வாங்குங்கள். ஹேங்கரின் வெல்டில் விரிசல் இருந்தால் அது வீட்டில் செய்யும் வேலை இல்லை, தேர்ந்த வெல்டரிடம் போங்கள். தடித்த பட்டை போட்டால் அதிகச் சாமான் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். அச்சு தாங்குவது 4,400 பவுண்டு என்றால் பட்டை எதுவானாலும் 4,400தான்.

சக்கரத்தை மாட்டியதும் நட்டை முறுக்குங்கள். அரை அங்குல ஸ்டட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு. ஓடிய முதல் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: அரிசோனாவிலிருந்து ஒரு வாசகர், ஹேங்கரில் புது போல்ட் கடிக்காமல் சுற்றுகிறது என்று எழுதியிருந்தார். பழைய போல்ட் சுற்றிச் சுற்றி ஹேங்கரின் துளையைப் பெரிதாக்கியிருக்கிறது. அந்த நிலையில் ஓட்டாதீர்கள். அவர் ஹேங்கரையே மாற்ற வேண்டியிருந்தது. கிட் வாங்கும் முன் ஒரு போல்ட்டைக் கழற்றி ஹேங்கர் துளையைப் பார்த்துவிடுவது நல்லது.

பின்சேர்க்கை 2: தன் டிரெய்லரில் பட்டையே தெரியவில்லை என்று இன்னொருவர் கேட்டார். அது டார்ஷன் அச்சு. ரப்பர் தண்டுகள் குழாய்க்கு உள்ளேயே இருக்கும். ஷேக்கிளும் இல்லை, புஷ்ஷும் இல்லை. மேலே சொன்னதில் சக்கர நட் விஷயம் மட்டும்தான் அவருக்குப் பொருந்தும்.